ஒரு கருவிப்பெட்டி, இரண்டு தடவை

19 மி.மீ. உளியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புரட்டினேன். தட்டையான பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பழுப்புத் துரு. உளி படுத்திருந்த ஃபெல்ட் துணியின் சொரசொரப்பு அப்படியே இரும்பில் அச்சாகியிருந்தது. பெட்டி செய்து முடித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் அந்த உளி ஒரு பழைய வாளியில் மற்ற உளிகளோடு இடித்துக்கொண்டு கிடந்தது. அப்போதுகூட இப்படித் துருப்பிடித்ததில்லை.

அந்தப் பெட்டியை எப்படிச் செய்தேன், எங்கெங்கே தப்பு நடந்தது, அதைப் பிரித்துப் போட்டுவிட்டு இரண்டாவது பெட்டியை எந்தக் கணக்கில் செய்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இரண்டு பெட்டிக்கும் கருவிகள் ஒன்றுதான், செய்த ஆளும் ஒருவன்தான். கேள்வி மட்டும் மாறியது. முதல் தடவை ஒவ்வொரு கருவியையும் பலகைமேல் வைத்து, இதன் வடிவம் என்ன என்று பார்த்தேன். இரண்டாம் தடவை, இதை எடுக்க வரும் கை எங்கே போகும் என்று பார்த்தேன்.

உள்ளே போகவேண்டியவை

ஐந்து உளிகள்: 6, 10, 12, 19, 25 மி.மீ. அகலத்தில். 355 மி.மீ. நீளமுள்ள இழைப்புளி ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் சின்ன இழைப்புளி ஒன்று. பிடியோடு சேர்த்து 620 மி.மீ. வரும் கைரம்பம். கொட்டாப்புளி, சுத்தியல், மூலைமட்டம், விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் மார்க்கிங் கேஜ், இரண்டு அரம், நாலு ஸ்க்ரூடிரைவர், கையால் சுற்றும் டிரில், அதன் பிட்டுகள், தீட்டுக்கல், அதற்கான சில்லறைச் சாமான்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிட்டேன். பதினொன்றரை கிலோ.

வேலை ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஒருநாள் பட்டறையில் இருந்தால் மறுநாள் கதவு மாட்டும் இடத்தில் இருப்பேன். ஆகவே ஒரு ஆள் தூக்கக்கூடிய பெட்டி வேண்டும், வேலை நடக்கும்போது பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளும்படியும் இருக்கவேண்டும். இந்த இரண்டையும் முதல் நாளே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிறகு அந்த அட்டையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பெட்டி

பார்க்காததற்குக் காரணம் ஒரு புகைப்படம். அமெரிக்காவில் பியானோ செய்யும் வேலையில் இருந்த ஹென்றி ஸ்டட்லி (1838–1925) தன் கைக்கருவிகளுக்காகச் செய்த பெட்டியின் படம் அது. மர வேலைக்காரர்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. மூடினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம்; அவ்வளவு இடத்துக்குள் சுமார் 300 கருவிகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்திலேயே ஓர் இடம். மஹோகனி, கருங்காலி, முத்துச்சிப்பி இழைப்பு என்று கண்ணைப் பறிக்கும். அந்தப் படத்தைப் பார்த்த மயக்கத்தில் நான் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு: அது சுவரில் தொங்கும் பெட்டி. அதை யாரும் கையில் தூக்கிக்கொண்டு கதவு மாட்டப் போகவில்லை.

தேக்குப் பலகை 18 மி.மீ. கனத்தில் எடுத்தேன். வெளி அளவு 660 x 380 x 200. நாலு மூலையிலும் டவ்டெயில், அதாவது புறா வால் வடிவப் பற்களைக் கோத்த மூட்டு. அடிப்பலகையை நாலு பக்கமும் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துப் பசை போட்டு இறுக்கினேன். மூன்று பலகைகளை ஒட்டி அகலமாக்கியதுதான் மூடி. அது வளையக்கூடாது என்று உட்புறம் இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பிடித்தேன். உள்ளே 25 மி.மீ. கனத்தில் இரண்டு அடுக்குத் தட்டுகள். ஒவ்வொரு கருவியையும் தட்டின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, உளியால் குடைந்து, குழிக்குள் பச்சை நிற ஃபெல்ட் ஒட்டினேன்.

குடையும் வேலைக்கு மட்டும் பதினோரு நாள் மாலைப்பொழுது போனது. மார்க்கிங் கேஜின் குழி இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். கேஜை மேலே வைத்து விட்டால் காற்று வெளியேறும் ஒரு சின்ன 'புஸ்' சத்தத்தோடு மெதுவாக உள்ளே இறங்கும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் செய்து காட்டினேன். திருப்பி வெளியே எடுப்பதை யாருக்கும் காட்டவில்லை.

எங்கெங்கே போனது

முதலில் தெரிந்தது எடை. காலிப் பெட்டியே பதினைந்து கிலோ. கருவிகளோடு இருபத்தாறரை. மாடிப்படியில் இரண்டு தளம் ஏற்றியதும் கை நடுங்கியது, நடுங்குகிற கையால் உளி பிடிக்க முடியவில்லை. பெட்டி தன் சுமையைவிட அதிக எடை இருப்பது என்ன நியாயம்? அப்போது கேட்டிருக்கவேண்டிய கேள்வி. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது மூடி. பெட்டியை நல்ல வெயில் காலத்தில் செய்தேன். மழை தொடங்கி மூன்று வாரத்தில் மூடியின் நடுவில் கூன் விழுந்தது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மூடிக்கும் சுவருக்கும் நடுவே நாலு மி.மீ. வெளிச்சம். முன்சுவர் வெளியே தள்ளப்பட்டு, கொக்கி அதன் ஓட்டையில் விழ மறுத்தது. ஒரு மூலையில் டவ்டெயில் மயிரிழை அளவு வாய் திறந்திருந்தது.

இதற்கு மரத்தைக் குறை சொல்ல முடியாது. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. காற்றின் ஈரத்தைப் பொறுத்து அகலவாக்கில் விரியும், சுருங்கும். அகலவாக்கிலும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் நகர்வது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேக்கு இந்த விஷயத்தில் மற்ற பல மரங்களைவிடச் சாது. அப்படியும் அதன் ஈரம் 1 சதவீதம் மாறினால், வளையங்கள் பலகையின் அகலத்தோடு படுத்திருக்கும் பலகை அகலத்தில் 0.19 சதவீதம் அளவுக்கு மாறும். வெயிலுக்கும் மழைக்கும் நடுவே 4 சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 380 மி.மீ. அகல மூடி கிட்டத்தட்ட 3 மி.மீ. விரியப் பார்க்கும். நான் போட்ட குறுக்குச் சட்டமோ நீளவாக்கு மரம், அது நகராது. மூடியின் அடிப்பக்கத்தைச் சட்டம் பிடித்துக்கொண்டது, மேல்பக்கம் விரிந்தது, கூன் விழுந்தது. அடிப்பலகையிலும் அதே கதைதான். நாலு பக்கமும் பசையில் சிக்கியதால் விரிய வழியில்லாமல் முன்சுவரை முட்டித் தள்ளிவிட்டது. அடிப்பலகையைப் பசை போடாமல் காடிக்குள் சும்மா மிதக்கவிட்டிருந்தால் போதும். சட்டத்தின் நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, ஓர ஸ்க்ரூக்களுக்கு நீள்துளை போட்டிருந்தாலும் மூடி பிழைத்திருக்கும். பத்து வருடமாக அடுத்தவர் கதவுகளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிற காரியம். சொந்தப் பெட்டிக்குச் செய்யவில்லை.

துருவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மென்மையாக இருக்கிறது, கருவியைப் பாதுகாக்கும் என்ற எண்ணத்தில் ஃபெல்ட்டைத் தேர்ந்தேன். ஆனால் கம்பளியும் சரி, அதுபோன்ற எந்தப் பஞ்சுத்துணியும் சரி, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நான் ஒட்டியது தண்ணீரில் கரைந்த வெள்ளைப் பசை; அது உள்ளே முழுசாகக் காய்வதற்கு முன்பே கருவிகளை வைத்து மூடிவிட்டேன். தீட்டுவதோ தண்ணீர்க் கல்லில். துடைத்துவிட்டுத்தான் வைத்தேன் என்றாலும், கழுத்துப் பக்கம் ஒரு சொட்டு எப்போதும் மிச்சம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். இங்கே இரும்பு ஈரத்துணியில் ஒட்டிப் படுத்திருந்தது, காற்று ஓட இடமில்லை, எனவே உலரவும் வழியில்லை. கேஜை 'புஸ்' என்று இறங்க வைத்த அதே இறுக்கம்தான் உளியைத் துருவேற்றியது.

உளியின் பின்பக்கம் தட்டையாகக் கண்ணாடிபோல் இருந்தால்தான் வாய் கூராக நிற்கும். அங்கே துரு அரித்த குழி ஒன்று விழுந்துவிட்டால், தீட்டித் தீட்டி வாய் அந்தக் குழியைத் தொடும் நாளில் கூரில் ஒரு பல் விழும். ஐந்து உளிகளின் பின்பக்கத்தையும் மறுபடி தேய்த்துச் சமமாக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1936-ல் உழவு வேலையின்போது மஸ்டர்மிர் சதுப்பிலிருந்து ஓர் ஓக் மரப் பெட்டி வெளியே வந்தது. வட ஐரோப்பாவின் கடலோடிகளான வைகிங்குகள் காலத்துக் கருவிப்பெட்டி, கிட்டத்தட்ட ஆயிரம் வருடப் பழசு. கண்டெடுத்த பொருட்கள் 200-க்கு மேல். ரம்பம், அரம், சுத்தியல் எல்லாம் இன்னதென்று அடையாளம் தெரியும் நிலையில் இருந்தன. சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாததால் இரும்பு அத்தனை காலம் தாக்குப்பிடித்தது. என் பச்சை ஃபெல்ட்டுக்குள் ஈரமும் இருந்தது, ஆக்சிஜனும் இருந்தது. அது நாலு மாதத்தில் காரியத்தை முடித்துவிட்டது. ஓக் என்றதும் இன்னொன்று: பார்க்க லட்சணமான மரம், ஆனால் அது அசெட்டிக் அமிலத்தை மெல்ல வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் உலோகத்தோடு வைக்க அது தோதான மரம் அல்ல.

கடைசியாக, கை. குழி உளியின் உருவத்திலேயே இருந்ததால் விரல் நுழைய இடம் கிடையாது. பிடி பாதி வரை அமிழ்ந்திருக்கும். அதனால் நகத்தை அலகின் ஓரத்தில் கொடுத்து நெம்பி எடுக்கப் பழகினேன். ஒரு நாள் அவசரத்தில் ஓரத்துக்குப் பதிலாக வாயிலேயே நகம் போயிற்று. ஆள்காட்டி விரல் நுனியில் மூன்று தையல். விரலில் கட்டோடு உட்கார்ந்து அந்தக் குழிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு குழியும் அந்தக் கருவி திரும்ப எழுந்திருக்கவே வேண்டாம் என்று தீர்மானித்துத் தோண்டியதுபோல் இருந்தது.

கோடு போட்ட தாள்

உடனே இரண்டாவது பெட்டியில் இறங்கவில்லை. மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டினேன். கருவிகளின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு முறை ஒன்றை எடுக்கும்போதும் எதிரே ஒரு கோடு போட்டேன். இரண்டு வாரம் இப்படிப் போனது. உதவிக்கு வந்த பையன் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கடைக்காரர் பால் கணக்கு எழுதுற மாதிரி இருக்கே" என்றான். சிரித்தாலும் கோடு போட மறக்கவில்லை. நான் மறந்தபோது அவன் போட்டான்.

தாள் சொன்னதில் பாதி எனக்குத் தெரிந்ததுதான். மீதிப் பாதியை எதிர்பார்க்கவில்லை. மூலைமட்டத்துக்கு எதிரே கோடுகள் தாளின் ஓரம் வரை ஓடி அடுத்த வரிக்குத் திரும்பின. அதை நான் கீழ் அடுக்கில், பெரிய இழைப்புளிக்கு அடியில் வைத்திருந்தேன். அதன் மெல்லிய உருவத்துக்கு அங்கேதான் இடம் பொருந்தியது. ஒவ்வொரு முறை மூலைமட்டம் வேண்டும்போதும் மேல்தட்டை வெளியே எடுத்து, இழைப்புளியைத் தூக்கவேண்டியிருந்தது. அரத்துக்கு எதிரே இரண்டே கோடு. அதற்கு மேல்தட்டின் நடுவே, ராஜா உட்காரும் இடம் கொடுத்திருந்தேன். தீட்டுக்கல்லை வெளியூர் வேலையில் ஒருமுறைகூடத் தொடவில்லை. முந்தின இரவே பட்டறையில் தீட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். ஆக, தினமும் ஒன்றரைக் கிலோ கல்லைச் சும்மா சுமந்திருக்கிறேன்.

இந்தத் தாளைவிடப் பெரிய வரைபடம் ஒன்றும் இரண்டாவது பெட்டிக்கு நான் போடவில்லை.

இரண்டாவது பெட்டி

பலகை 12 மி.மீ. பிளைவுட். தேக்கைப் பிரித்த மனக்குறை கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் மழைக்கு விரிவது மிகக் குறைவு. அடிப்பலகையையும் மூடியையும் தைரியமாகப் பசை போட்டு ஒட்டலாம். அடிக்கு 6, மூடிக்கு 9 மி.மீ. எடுத்தேன். வெளி அளவு 660 x 280 x 310. நீளத்தைத் தீர்மானித்தது கைரம்பம். உயரத்தைத் தீர்மானித்தது செங்குத்தாக நிற்கும் உளி. அகலத்தை என் இடுப்புக்கும் நீட்டிய கைக்கும் உள்ள தூரம் தீர்மானித்தது. பெட்டி அகலமானால் தூக்கும்போது உடம்பைவிட்டு விலகி நிற்கும், பாரம் முதுகுக்குப் போகும்.

பிளைவுட்டில் டவ்டெயில் வெட்டினால் மேல் அடுக்கு பிய்ந்து வரும். மூலையில் பாதிக் கனத்துக்குப் படி எடுத்து, பசை வைத்து, வெளியிலிருந்து 6 மி.மீ. மரக்குச்சிகளை அடித்துப் பூட்டினேன். பிளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ போட்டால் அடுக்குகளைப் பிளந்துவிடும், பிடியும் நிற்காது. கீல் வரும் இடத்தில் மட்டும் உட்புறம் ஒரு தேக்குச் சட்டத்தை ஒட்டி, ஸ்க்ரூ அதைக் கடிக்கும்படி வைத்தேன். பழைய பெட்டியின் மரம்தான்.

மூடியைத் தனியாகச் செய்யவில்லை. ஆறு பக்கமும் மூடிய ஒரு முழுப்பெட்டியாக ஒட்டி முடித்து, மேலிருந்து 70 மி.மீ.-ல் கோடு கிழித்து, சுற்றி அறுத்துப் பிரித்தேன். இப்படிச் செய்தால் மூடியும் உடலும் எப்போதும் ஒன்றுக்கொன்று பொருந்தும். தனித்தனியாகச் செய்து பொருத்த முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு நீளப் பக்கங்களை அறுத்ததும், அறுத்த பிளவில் ரம்பம் தின்ற அகலத்துக்கே சில்லு சீவி நாலைந்து இடத்தில் செருகி, மேலே டேப் சுற்றினேன். இல்லையென்றால் கடைசிப் பக்கத்தை அறுக்கும்போது மூடி கீழே அமர்ந்து ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். அறுப்பு முடிந்து மூடி கையோடு வந்த அந்த நொடிக்காகவே இன்னொரு பெட்டி செய்யலாம்.

உள்ளே குழி என்று ஒன்றுகூட இல்லை. முன்சுவரை ஒட்டி ஒரு சட்டம், 12 மி.மீ. இடைவெளி விட்டு இன்னொரு சட்டம். உளியை மேலிருந்து இந்தச் சந்தில் விட்டால் அலகு உள்ளே போகும், பிடியின் தோள் சட்டத்தில் உட்காரும். பக்கத்து உளியோடு இடிக்காமல் இருக்க நடுநடுவே சின்னக் கட்டைகள். வாய் தரையைத் தொடாமல் 10 மி.மீ. மேலே நிற்கும். பிடிகள் வரிசையாகக் கைக்கு வாட்டமாக நிற்பதால் பார்க்காமலே எடுக்கலாம். அலகைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று. நாளைக்கு வேறு அகலத்தில் உளி வாங்கினாலும் அதே சந்து போதும். பதினோரு மாலைப்பொழுது குடைந்த வேலையை இரண்டு சட்டம் ஒரு மணி நேரத்தில் செய்தது எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

ரம்பம் மூடியின் உட்புறத்தில். பிடியின் ஓட்டைக்குள் நுழையும் ஒரு கட்டை, அதன்மேல் திருகினால் குறுக்கே நிற்கும் ஒரு மரத்துண்டு. மறுமுனையில் அலகு செருகிக்கொள்ள ஒரு பிளவு. காந்தம் வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். காந்தத்தோடு கிடந்த இரும்புக்குக் காந்தத்தன்மை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் இரும்புத்தூள் எல்லாம் கூரிலேயே வந்து நிற்கும். வேண்டாம் என்றுவிட்டேன்.

மூடியில் தொங்கும் ரம்பமும் கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உளிப்பிடிகளும் மூடும்போது முட்டுமா? வரைபடத்தில் முட்டவில்லை. ஆனால் என் வரைபடங்களை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு பிடியின் தலையிலும் ஒரு களிமண் உருண்டை வைத்து, மூடியைக் கடைசிவரை அழுத்தி மூடித் திறந்தேன். உருண்டைகள் தட்டையாகி ரம்பத்தின் அச்சோடு நின்றன. நசுங்கிய கனத்தை அளந்தால் நாலு பிடியில் மூன்று மி.மீ., 25 மி.மீ. உளியில் ஒன்றுகூட இல்லை. களிமண் இரண்டாகப் பிரிந்து பித்தளை வளையம் தெரிந்தது. அந்த உளியைத் தள்ளி, ரம்பத்தின் மெல்லிய நுனி வரும் பக்கத்துக்கு மாற்றினேன். அதோடு தீர்ந்தது.

தட்டில்தான் மறுபடி ஒரு தப்புச் செய்தேன். சில்லறைக் கருவிகளுக்கு ஒரு நகரும் தட்டு வேண்டும். பெட்டியின் முழு நீளத்துக்கும் 105 மி.மீ. அகலத்தில் ஒரு தட்டுச் செய்து, முன்னும் பின்னும் தள்ளும்படி வைத்தேன். நடுவில் தள்ளினால் ஓடியது. ஒரு ஓரத்தில் தள்ளினால் கோணிக்கொண்டு இறுகி நின்றது. மேசை இழுப்பறையில் இது எல்லோரும் பட்டிருக்கும் தொல்லைதான்: தள்ளும் திசையில் குட்டையாகவும் குறுக்கே நீளமாகவும் இருக்கும் எதுவும் சிக்கும். தேய்த்தும் மெழுகு பூசியும் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டேன். 300 மி.மீ. நீளம், 220 அகலத்தில் வேறு தட்டுச் செய்து, இடமும் வலமுமாக ஓடும்படி வைத்தேன். உளிச்சந்தின் உட்சட்டமே அதற்கு ஒரு பக்கத் தண்டவாளம். ஒற்றை விரலால் தள்ளினால் ஓடுகிறது. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்க அடித்தளம் முழுக்கத் திறக்கும். மூலைமட்டம் இந்தத் தட்டின் வெளிச்சுவரில், ஒரு பிளவில் நட்டுக்குத்தலாக நிற்கிறது. மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் முதல் கருவி அதுதான்.

மூடி விஷயத்தில் ஒரு சபலம் இருந்தது. ஜப்பானியத் தச்சர்களின் பெட்டியில் கீலே கிடையாது. மூடிப்பலகையை ஒரு முனையில் மேல்சட்டத்துக்கு அடியில் செருகி, மறுமுனைக்கு இழுத்து, ஓர் ஆப்பை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். இரும்பு எதுவும் வேண்டாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் கழற்றிய மூடியை வைக்க வேலையிடத்தில் இடம் தேடவேண்டும், ரம்பத்தை அதில் தொங்கவிடவும் முடியாது. கீலிலேயே நின்றேன். மூடி செங்குத்தைத் தாண்டிக் கொஞ்சமே சாயும்படி ஒரு சங்கிலி. முழுக்க மல்லாந்தால் ரம்பத்தின் எடையோடு பெட்டியையே பின்னால் கவிழ்த்துவிடும். காலிப் பெட்டியில் அதைச் செய்து பார்த்து, என் காலில் வாங்கிக்கொண்டேன்.

கைப்பிடிகளை ஒட்டுமுன் பெட்டியில் கருவிகளை எல்லாம் அடுக்கி, அடியில் ஓர் உருளைக்கட்டையைக் குறுக்கே வைத்து உருட்டிப் பார்த்தேன். தராசுபோல் நிற்கும் இடம், பெரிய இழைப்புளி இருந்த இடப்பக்கத்துக்கு ஐந்து செ.மீ. நகர்ந்திருந்தது. இழைப்புளியை நடுவுக்குக் கொண்டுவந்து, டிரிலை இடப்பக்கம் மாற்றியதும் சமமாயிற்று. அதற்கு அப்புறம்தான் பக்கச் சுவர்களில் பிடிக்கட்டை. கட்டைக்கு அடியில் நாலு விரல் தாராளமாகப் போக 35 மி.மீ. இடம். கையுறை போட்டுக்கொண்டு அளந்தது.

துரு விஷயத்தில் செய்தது கொஞ்சம்தான். ஃபெல்ட் கிடையாது. பஞ்சுபோன்ற பாலியுரிதேன் ஃபோமும் கிடையாது. அது சில வருடத்தில் பிசுபிசுத்து உதிர்ந்து கருவியில் ஒட்டும். மரம் வெறும் மரமாகவே, ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு இரண்டு பூச்சோடு. உள்ளே ஆளி எண்ணெய் பூசினால் மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமல் வாரக்கணக்கில் காயாது, வாடையும் போகாது. அடியில் 12 மி.மீ. உயரத்துக்கு இரண்டு கால்கட்டை ஒட்டியதால் ஈரத்தரையில் பெட்டியின் வயிறு படாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் இரும்பை ஒரு தடவு. சமையல் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது நாள்பட்டால் பிசின்போல இறுகும், இல்லையென்றால் சிக்குவாடை அடிக்கும்.

தராசும் பாக்கியும்

காலிப் பெட்டி ஏழரைக் கிலோ. தீட்டுக்கல் சாமான்களை ஒரு தனித் துணிப்பைக்கு மாற்றியதால் உள்ளே போவது பத்துக் கிலோ. மொத்தம் பதினேழரை. முன்பைவிட ஒன்பது கிலோ குறைவு. இரண்டு தளம் ஏற்றி வைத்துவிட்டு உடனே உளி பிடிக்க முடிகிறது.

ஒரு முழு மழைக்காலம் போய்விட்டது. மூடி மூடுகிறது, கொக்கி அதன் ஓட்டையில் விழுகிறது. உளிகளின் பின்பக்கம் சுத்தம். சுத்தியல் தலையில் மட்டும் லேசாகத் துரு தட்டியது. அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய்த் துணி அதுவரை எட்டவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓட்டமாகப் படி இறங்கினால் தட்டுக்குள் பிட்டுகள் கலகலக்கும். ஒரு மரக்கட்டையில் துளை போட்டு அவற்றை நட்டுவைக்கவேண்டும், இன்னும் செய்யவில்லை. கொட்டாப்புளியின் தலை தட்டின் அடியில் உரசுகிறது. அதன் பிடியை ஒரு விரல்கடை குறைத்தால் சரியாகும், ஆனால் கைக்குப் பழகிய பிடியை அறுக்க மனசு வரவில்லை. பிளைவுட்டின் விளிம்பு ஒரு மூலையில் இடிபட்டு அடுக்கு எழும்பியிருக்கிறது. நாலு மூலைக்கும் தேக்குப் பட்டி ஒட்டியிருக்கலாம்.

வலப்பக்க அடித்தளத்தில் ஒரு கையகலம் காலியாக விட்டிருந்தேன், அடுத்து வாங்கப்போகும் கருவிக்கென்று. கருவி இன்னும் வாங்கவில்லை. இப்போது அங்கே துண்டுக் கட்டைகள், தீர்ந்துபோன பென்சில்கள், அந்தக் கோடு போட்ட தாள். முதல் பெட்டியின் தட்டுகளில் ஒன்றை மட்டும் உடைக்காமல் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். யாராவது கேட்டால் பழைய மார்க்கிங் கேஜ் ஒன்றை எடுத்து அதன் குழியில் விட்டுக் காட்டுவேன். இன்றைக்கும் 'புஸ்' என்றுதான் இறங்குகிறது.